கடைசிவரை ஒரே வெளிச்சம்

சந்தைக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே, ஆள் நிமிர்ந்தால் தலை இடிக்கும் சந்தில் டார்ச் அக்காவின் கடை இருந்தது. கடை என்று சொன்னால் அவளே சிரிப்பாள். ஒரு மேசை, ஒரு முக்காலி, ஆணியில் தொங்கும் ஒரு மீட்டர், பிஸ்கட் டப்பாக்களில் பிரித்துப் போட்ட ஸ்பிரிங்கும் சுவிட்சும் கண்ணாடி வட்டங்களும். மேலே படியில் ஆள் ஏறி இறங்கும்போதெல்லாம் மேசைமேல் தூசி உதிரும். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தூசியை ஊதித் தள்ளிவிட்டுத்தான் சால்டரிங் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும் ஊர் அது. அதனால் டார்ச் இல்லாத வீடு கிடையாது. கப்பலில் வந்திறங்கிய புது டார்ச் ஒன்றை வாங்கிக்கொண்டு யாராவது வந்து நிற்பார்கள்.

"பெட்டியில லட்சம் லூமன்னு போட்டிருக்கான்க்கா. வாங்கி ரெண்டு வாரம்கூட ஆகலை, மின்மினி மாதிரி எரியுது."

"லட்சமா? அவ்வளவு இருந்தா சூரியனுக்கே நீ வழி காட்டலாமே. குடு இங்க." திருகித் திறந்து மீட்டரின் இரண்டு ஊசிகளையும் வைப்பாள். "எல்இடிக்கு மூணு வோல்ட், ஓடறது ஒரு ஆம்பியர். ஆக இது மூணு வாட் விளக்கு. முந்நூறு லூமன் வந்தாலே கும்பிட்டுக்கோ. மிச்ச சைபரெல்லாம் அச்சடிச்சவன் கை கூசாம போட்டது."

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குப் பதினெட்டு, தம்பிக்கு ஐந்து. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே ஒரு ரேடியோக் கடையில் வேலை கற்றாள். அவன் வளர்ந்து, ஊர்க் குடிநீர்க் கம்பெனியின் குழாய் வேலைக் கூட்டத்தில் சேர்ந்து, பெண்டாட்டி வந்து, ஒரு பெண் பிறந்து, மூன்று தெரு தள்ளிக் குடிபோனான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோறு அவளுக்கு அந்த வீட்டில்தான். மற்றபடி ஒண்டிக்கட்டை.

மலைக்கு அந்தப் பக்கம் ஏரி. அங்கிருந்து ஊருக்குத் தண்ணீர் வருவது மலையைக் குடைந்த ஒரு சுரங்கக் குழாய் வழியாக. ஆள் நிமிர்ந்து நடக்கலாம், அவ்வளவு பெரிது. வருஷத்துக்கு ஒருமுறை மதகை அடைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, குழாய்க் கூட்டம் உள்ளே போகும். சேறு வழிப்பது, விரிசலுக்குச் சிமெண்ட் பூசுவது, இணைப்புகளைத் தட்டிப் பார்ப்பது. முழங்கால் அளவு சகதி, ஐஸ் மாதிரி குளிர். வெளியே உச்சி வெயில் அடித்தாலும் உள்ளே கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான்.

அந்த வருஷம் வேலை தொடங்க நாலு நாள் இருக்கும்போது தம்பி கடைக்கு வந்தான். தலையைக் குனிந்து சந்துக்குள் நுழைந்து, வழக்கம்போல அவளுடைய டீயை எடுத்துப் பாதியைக் குடித்துவிட்டுத் தன் டார்ச்சை மேசைமேல் வைத்தான். மூன்று தடித்த செல் போடும் பழைய தகர டார்ச். கம்பெனி கொடுத்தது.

"அக்கா, இதுக்கு ஒரு வழி பண்ணு. ரெண்டு மணி நேரம் எரியறதுக்குள்ள மஞ்சளடிச்சுப் போகுது. செல்லு மாத்த வெளிய வரணும், மறுபடி உள்ள நடக்கணும். போக வரவே பொழுது போயிடுது. மேஸ்திரி என்னைத்தான் கரிச்சுக் கொட்டறாரு."

"எவ்வளவு நேரம் எரியணும்?"

"எட்டு மணிக்கு உள்ள போவோம். பன்னெண்டுக்குச் சாப்பிட வெளிய வந்துடுவோம், அப்புறம் வெளி வேலைதான். அது வரைக்கும் வெள்ளையா எரியணும். மஞ்சளே ஆகக் கூடாது."

அவள் டார்ச்சைக் கழற்றி உள்ளே பார்த்தாள். "உன்னோடதுல பல்பு. செல்லு புதுசா இருக்கறப்ப மூணும் சேர்ந்து நாலரை வோல்ட் குடுக்கும். எரிய எரிய நாலு ஆகும், மூணரை ஆகும். வோல்ட் இறங்கினா பல்பு சிவக்கத்தானே செய்யும். இந்தக் கூட்டை அப்படியே வச்சுக்கிட்டு உள்ள எல்லாத்தையும் மாத்திடறேன். எல்இடி ஒண்ணு, லித்தியம் செல் ரெண்டு. முழுசா சார்ஜ் ஏறினா ஒரு செல்லுக்கு நாலு புள்ளி ரெண்டு. வரிசையாப் போட்டா எட்டு புள்ளி நாலு."

"எல்இடிக்கு மூணுதான் வேணும்னு ஊருக்கே பாடம் நடத்துவியே. எட்டைக் குடுத்தா கருகிடாதா?"

"பரவால்லையே, காதுல ஏறியிருக்கே! அதுக்குத்தான் நடுவுல ஒரு போர்டு வைக்கிறது. பின்னால எட்டு வந்தாலும் ஆறு வந்தாலும் முன்னால எல்இடிக்கு அது ஒரே அளவாத்தான் அனுப்பும். வீட்டுக்குள்ள அடுப்பு எரியலைன்னாலும் வாசல்ல காட்டிக்காத பொம்பளை மாதிரி."

"உன்னை மாதிரின்னு சொல்லு" என்றான். அவள் அவன் தலையில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஒரு தட்டுத் தட்டினாள்.

இரண்டு நாள் வேலை. கூடு பெரியது, செல் ஒல்லி. பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை அறுத்து உறையாக்கிச் செல்களை அதற்குள் இறக்கினாள். எல்இடிக்குக் கீழே செம்புத் தகடு, தண்ணீர் போகாமல் ரப்பர் வளையம். முடித்ததும் முழுசாகச் சார்ஜ் ஏற்றி, சுவரைப் பார்க்க எரியவிட்டு, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நாலு மணி ஐம்பது நிமிஷம் எரிந்தது. அதுவரை ஒரு துளி குறையவில்லை. பிறகு அணைந்தது.

"இதோ பாரு" என்று அவன் கையில் கொடுக்கும்போது சொன்னாள். "தினமும் சாயங்காலம் வந்ததும் சார்ஜ்ல போட்டுடு. மறந்துடாதே. இது மஞ்சளடிக்காது. கடைசி வரைக்கும் ஒரே மாதிரி எரிஞ்சிட்டுப் பொசுக்குன்னு நின்னுடும். முடியப் போகுதுன்னா மூணு தடவை சிமிட்டிக் காட்டற போர்டு ஒண்ணு இருக்கு. இப்பக் கைவசம் இல்லை. அடுத்த வாரம் வந்துடும், மாத்தித் தர்றேன்."

"சிமிட்டறதுக்கு நான் என்ன பொண்ணு பார்க்கவா போறேன்? இதுவே போதும்." பட்டப்பகலில் சந்தைக்குள் அந்த வெளிச்சத்தை அடித்துக் காட்டினான். எதிர் வரிசை முட்டைக்காரர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு திட்டினார். சிரித்துக்கொண்டே போனான். அடுத்த வாரம் அந்தப் போர்டு வந்து சேரவில்லை.

வேலை தொடங்கி ஒன்பதாம் நாள் அவன் செத்துப்போனான்.

மூன்று நாளாக விடாத தூறல். மதகு இறுக்கமாக இருந்தும் சுரங்கத்தின் சுவர் கசிந்துகொண்டிருந்தது. பத்தரை மணி இருக்கும். தம்பி எல்லோருக்கும் முன்னால் போய்க் கடைசி இணைப்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அறுபது தப்படி பின்னால் அவனுடைய கூட்டாளி சேற்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். முன்னால் வெள்ளை வெளிச்சம் பளிச்சென்று இருந்தது, அடுத்த நொடி இல்லை. "டேய், யாராவது லைட்டைக் காட்டுங்கடா" என்று தம்பி சிரித்துக்கொண்டே கூப்பிட்டது கேட்டதாம். கூட்டாளியின் மஞ்சள் பல்பு அவ்வளவு தூரம் எட்டவில்லை. "இருடா, வர்றேன், நகராதே" என்று இவன் கத்தியது எதிரொலியில் கலைந்துபோயிற்று. இடது சுவர் ஓரமாகச் சேறு இறங்குவதற்கென்று ஒரு குழி உண்டு, ஒன்றரை ஆள் ஆழம். சுவரைத் தடவிக்கொண்டு வந்தவன் அதில் போனான். சகதி. இழுத்து மேலே போடும்போது நேரம் கடந்துவிட்டது.

டார்ச் அக்கா சுரங்க வாசலுக்கு ஓடியபோது அவனைத் தார்ப்பாயில் கிடத்தியிருந்தார்கள். வாயில், மூக்கில், காதில் சேறு. தன் துணியை மழையில் நனைத்து நனைத்து அவள்தான் துடைத்தாள். சின்ன வயதில் விளையாடிவிட்டு வந்தவனைத் துடைத்தது போலவே, முதலில் நெற்றி, பிறகு கன்னம், கடைசியில் காது. மேஸ்திரி பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். அறுபதை நெருங்கிய மனிதர், தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டிருந்தார்.

"எங்க காலத்துல இருந்து ஒரே சட்டம்தாம்மா" என்றார். "லைட்டு மஞ்சளடிச்சா திரும்பிடு. கடிகாரம் பார்க்க மாட்டோம், பல்பைத்தான் பார்ப்போம். மஞ்சளடிச்சதுக்கப்புறமும் வெளிய வர்ற அளவுக்கு அது எரியும். இவனோட லைட்டு மஞ்சளே அடிக்கலையே."

அவள் கை நின்றது. அந்தச் சட்டத்தை அதுவரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. அவனுக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது. மூச்சு விடுவதை யாராவது சொல்வார்களா?

அடக்கம் முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். கம்பெனியில் விபத்து என்று எழுதி மூடினார்கள். இரண்டு வாரம் கழித்து மேஸ்திரி அந்த டார்ச்சை ஒரு பாலிதீன் பையில் கொண்டுவந்து கடையில் வைத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் போனார்.

மூன்று நாள் அதைத் தொடவில்லை. நாலாம் நாள் திருகித் திறந்தாள். எங்காவது பற்றவைத்தது விட்டிருக்கும், தண்ணீர் இறங்கியிருக்கும், ஏதோ ஒன்று உடைந்திருக்கும் என்று நினைத்தாள். உடைந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள் என்றே சொல்லலாம். உள்ளே துளி ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. பற்றவைத்த இடங்கள் பளபளவென்று இருந்தன. செல்களில் மீட்டரை வைத்தாள். காலி. சார்ஜ் ஏற்றினாள், நாலு புள்ளி ரெண்டுக்கு இரண்டுமே ஒழுங்காக ஏறின. சுவரைப் பார்க்க எரியவிட்டு எதிரே உட்கார்ந்தாள். முட்டைக்காரர் டீ கொண்டுவந்து வைத்தார், ஆறிப்போனது, எடுத்துப்போனார். நாலு மணி ஐம்பத்திரண்டு நிமிஷம் எரிந்து அணைந்தது.

அவள் செய்தது சரியாகத்தான் வேலை செய்தது. அப்படியானால் எட்டு மணிக்கு உள்ளே போனவன் கையில் பத்தரைக்கு ஏன் அணைந்தது? எரியாமல் போன அந்த இரண்டு மணிச் சொச்சம் அவளைத் தின்றது. பன்னிரண்டு வரை எரிந்திருந்தால் அவன் சாப்பிட வெளியே வந்திருப்பான். மஞ்சள் சட்டமும் வேண்டியிருந்திருக்காது, ஒன்றும் வேண்டியிருந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை ரொட்டியும் முட்டையும் வாங்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். ஒற்றை அறையும் சமையல் தடுப்பும் உள்ள வீடு. ஜன்னல் கம்பியில் துணி காயாமல் வாடையடித்தது. ஏழு வயதுப் பெண் தரையில் கவிழ்ந்து படுத்து எழுதிக்கொண்டிருந்தது.

"அத்தை, அம்மா சாப்பிடறதே இல்லை" என்றது, தலையைத் தூக்காமல். "எனக்குப் போட்டுட்டுத் தண்ணியைக் குடிச்சிடறாங்க."

"நீ பக்கத்து வீட்ல போய் எழுது, போ" என்றாள் தம்பி பெண்டாட்டி. குழந்தை நோட்டை எடுத்துக்கொண்டு போயிற்று.

நிஜமாகவே பாதியாகியிருந்தாள். கழுத்தெலும்புக் குழியில் நீர் ஊற்றினால் நிற்கும். வாய் ஓயாமல் பேசுகிறவள், அவள் பேச்சை நிறுத்துவதற்கென்றே தம்பி ரேடியோ வைப்பான். இப்போது டார்ச் அக்கா முட்டையை வேகவைத்து, உரித்து, தட்டில் வைத்து நகர்த்தும்வரை ஒரு வார்த்தை இல்லை.

"ரெண்டு வாய் சாப்பிடும்மா. அந்தப் புள்ளைக்கு நீயாவது வேணாமா?"

"இறங்கலை அண்ணி." தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணு கேட்டா மறைக்காமச் சொல்வீங்களா? இதை உங்களைத் தவிர யார்கிட்டயும் கேக்க முடியாது."

"கேளு."

"அதுக்கு முந்தின நாள் மழைல புள்ளையோட யூனிஃபார்ம் காயவே இல்லை. கரண்ட்டு வேற இல்லை. சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் வந்துது. கரண்ட்டு வந்ததும் அவரு லைட்டை சார்ஜ்ல போட்டாரு. இந்த வீட்ல இருக்கறது ஒரே ஒரு பிளக்." சுவரைக் காட்டினாள். "நான் அதைப் பிடுங்கிட்டு அயர்ன் பாக்ஸைப் போட்டேன். சட்டையைத் தேய்ச்சேன். பாவாடையைத் தேய்ச்சேன். பெட்டியை ஆஃப் பண்ணிட்டுப் போய்ப் படுத்துட்டேன். திரும்ப சார்ஜரைப் போட்டேனா போடலையா? யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன். போடலை. காலையில தரையிலதான் கிடந்துது. அவரும் கவனிக்கலை."

டார்ச் அக்கா திரும்பி அந்தப் பிளக்கைப் பார்த்தாள்.

"எனக்குப் பகீர்னுது. சொல்லலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள அவரு லைட்டை இந்தச் சுவத்துல அடிச்சுப் பார்த்தாரு. வெள்ளை வெளேர்னு எரிஞ்சுது அண்ணி, எப்பவும் போலவே! சரி, சார்ஜ் ஏறியிருக்கு போலன்னு சும்மா இருந்துட்டேன். செல்லு குறைஞ்சிருந்தா மங்கலாத்தானே எரியும்? பழைய லைட்டு அப்படித்தானே எரிஞ்சுது? நல்லா எரிஞ்சுதுன்னா சார்ஜ் இருந்திருக்குன்னுதானே அர்த்தம்? நீங்க சொல்லுங்க. உங்களுக்குத்தான் தெரியும்."

அரைச் சார்ஜ். இரண்டரை மணி நேரம். கணக்கு உட்கார்ந்துவிட்டது. பாதி செல்லிலும் முழுச் செல்லிலும் அது ஒரே மாதிரிதான் எரியும். வாசலில் பஞ்சத்தைக் காட்டாது. அப்படித்தான் அவள் அதைச் செய்திருந்தாள்.

ஒரு நொடி, ஒரே நொடி, நெஞ்சுக்குள் ஏதோ லேசானது. நான் இல்லை. என் வேலை இல்லை. அது லேசானதை உணர்ந்ததுமே அவளுக்கு உடம்பு கூசியது. எதிரே உட்கார்ந்திருப்பவள் முப்பது வயதுக்காரி. முட்டையைத் தொடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, டார்ச் அக்காவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஆமா" என்றாள் டார்ச் அக்கா. "நல்லா எரிஞ்சுதுன்னா சார்ஜ் முழுசா இருந்துதுன்னு அர்த்தம்."

"நெஜமாவா?"

"குறைஞ்சிருந்தா மங்கலாத் தெரிஞ்சிருக்கும். மீட்டர் வச்சுப் பார்க்கவே வேணாம். முந்தின நாள் எரிஞ்சதுல மீதி இருந்திருக்கும், ஏழு மணியில இருந்து நீ பிடுங்கற வரைக்கும் ஏறினதே போதும். சின்ன செல்லுதானே அது."

தம்பி பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தோள் குலுங்கக் குலுங்க, வெகுநேரம். பிறகு அழுகை நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேட்டே தீரவேண்டிய அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"அப்ப ஏன் அணைஞ்சுது?"

டார்ச் அக்கா தன் விரல்களைப் பார்த்தாள். நுனியெல்லாம் சூடுபட்ட தழும்பு.

"என் போர்டு. நல்லதா, அணையறதுக்கு முன்னாடி சிமிட்டற மாதிரி ஒண்ணு வாங்கி வச்சிருக்கணும். அவன் அவசரப்படுத்தினான். கடையில கிடந்த மட்டமான ஒண்ணை எடுத்து வச்சேன். அது சூடானா தானா நின்னுடும். பிரிச்சுப் பார்த்தேன், கருகியிருந்துது."

"தெரிஞ்சேவா வச்சீங்க?"

"ஒரு வாரம்தானேன்னு நெனச்சேன்."

"ஊர்க்காரன் டார்ச்சுக்கெல்லாம் பார்த்துப் பார்த்து வைப்பீங்க. நீங்க தூக்கி வளர்த்த புள்ளைக்கு மட்டமானதா?" குரல் மெல்ல மெல்ல ஏறியது. "இத்தனை நாளா நான் என்னையே கொன்னுட்டிருந்தேன். அந்த அயர்ன் பாக்ஸை எடுத்து என் தலையில போட்டுக்கலாமான்னு பார்த்தேன். நீங்க எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு முட்டையை உரிச்சு வைக்கறீங்களா?"

"அம்மா…"

"அம்மா கிம்மான்னு கூப்பிடாதீங்க. எந்திரிங்க. என் புள்ளை வர்றதுக்குள்ள போயிடுங்க. இந்தப் படி இனி ஏறாதீங்க."

டார்ச் அக்கா எழுந்தாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். வெளியே தூறல் பிடித்திருந்தது. நாலு வீடு கடந்தபிறகும் அவள் கத்துவது கேட்டது. எத்தனையோ நாளுக்கப்புறம் அவளுக்கு அவ்வளவு குரல் வந்தது.

ஊர் வாய்க்கு மூடி கிடையாது. மாதம் முடிவதற்குள் சந்தை முழுக்கத் தெரிந்துவிட்டது. சிலர் கடை மாறிப் போனார்கள். சிலர் வந்து, டார்ச்சைக் கொடுக்காமல், நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருநாள் மேஸ்திரி வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார்.

"உன் வேலையை நான் இருபது வருஷமாப் பார்க்கறேன். கருகிப்போற பொருளை நீ வைக்க மாட்டே. அந்தப் பொண்ணு சொல்றது நெஜம்தானா?"

"நெஜம்தான் மேஸ்திரி."

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்பறதுக்கு எனக்குக் கஷ்டமா இருக்கு."

"நம்பிடுங்க" என்றாள். "அவ எப்படி இருக்கா?"

"கம்பெனி சமையல்கட்டுல வேலை போட்டுக் குடுத்திருக்கோம். தெம்பாத்தான் இருக்கா. வாயைத் தொறந்தா உன்னைத்தான் திட்டறா."

"சாப்பிடறாளா?"

"எல்லாரோடயும் உட்கார்ந்து சாப்பிடறா."

"திட்டிக்கிட்டே சாப்பிட்டாலும் சரிதான்" என்று சொல்லிவிட்டு அவள் ஒரு ஸ்பிரிங்கை எடுத்து, வளையாமலிருந்ததை வளைத்து, மறுபடி நிமிர்த்தினாள். மேஸ்திரி பழைய பல்பு டார்ச் ஆறு கொண்டுவந்திருந்தார். சிமிட்டுகிற போர்டு வைத்து மாற்றித் தரச் சொன்னார். அதுதான் அந்த மாதத்தில் அவளுக்கு வந்த பெரிய வேலை.

பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விடும். முன்பெல்லாம் குழந்தை நேராகக் கடைக்கு ஓடிவந்து மேசைக்கடியில் புகுந்துகொள்ளும். இப்போது எதிர் வரிசையில், முட்டைக்காரர் கடையை ஒட்டிப் போகிறது. அத்தை பக்கம் திரும்பக் கூடாதென்று அம்மா சொல்லியிருப்பாள். கழுத்தை விறைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் ஓரமாகச் சாய்த்து, இவள் பார்ப்பதைக் கண்டதும் சட்டென்று இழுத்துக்கொண்டு ஓடும். முதல் இரண்டு வாரம் டார்ச் அக்கா அந்த நேரத்துக்காகவே காத்திருந்து பார்த்தாள்.

பிறகு முக்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். நாலு மணி ஆனால் தெருவுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து வேலை செய்கிறாள். குழந்தைக்கு அத்தையைப் பார்க்கவேண்டும் போலிருந்தால், பயமில்லாமல் நின்று பார்த்துவிட்டுப் போகட்டும்.